ஆடிக் காற்றில் டெஸ்ட் ஷாட்

ஜூலை 19, சனி

வந்து சேர்ந்துவிட்டேன். வள்ளியூரில் ரயிலை விட்டு இறங்கிய உடனே காற்று என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது. துரத்தலாம் என்றால் ஒரு தோளில் கேமரா, மறு தோளில் டிரைபாட். தொப்பி தண்டவாளத்தைத் தாண்டிப் போய் ஒரு முள்செடியில் மாட்டிக்கொண்டது. போய்த் தொலை என்று விட்டுவிட்டேன். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் ஆலடிக்கிணறு. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். இங்கே யாரும் காற்றாலை என்று சொல்வதில்லை, காத்தாடிதான்.

ஊரில் லாட்ஜ் கிடையாது. கல்யாண மண்டபத்தில் அறை கிடைத்தது. ஆடி மாதத்தில் யார் கல்யாணம் வைக்கப்போகிறார்கள்? மண்டபம் முழுக்கக் காலி. மேனேஜர் தாணப்பன் சாவியைக் கொடுத்து, "பொண்ணு ரூம்ல இருந்துக்கோங்க. மாப்பிள்ளை ரூம்ல ஃபேன் ஓடாது" என்றார். மணமகள் அறையில் ஆளுயரக் கண்ணாடி. அதன் ஓரமெல்லாம் வந்துபோன மணப்பெண்கள் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். முகம் கழுவிவிட்டுப் பார்த்தால் அத்தனை பொட்டுகளுக்கும் நடுவில் என் மூஞ்சி.

வந்த வேலையை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. இறுதியாண்டுப் படம். இயக்கம் கார்முகில், ஒளிப்பதிவு நான். மற்றவர்கள் அடுத்த சனிக்கிழமைதான் வருகிறார்கள். அதற்குள் நான் டெஸ்ட் ஷாட் எடுத்து முடிக்க வேண்டும். முக்கியமான காட்சி ஒன்றுதான். ஒரு பெண் பஸ்ஸில் இறங்கி ஒரு கடைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். கடை வாசலில் நிற்கிற ஆள் அவள் அப்பா. சின்ன வயதில் விட்டுவிட்டுப் போனவர். அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. "யாரும்மா நீ? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கிறார். "குடிக்கத் தண்ணி வேணும்" என்கிறாள். குடிக்கிறாள், போய்விடுகிறாள். அவ்வளவுதான். அவர் கேட்கிற நேரத்தில் காற்றாலை இறக்கையின் நிழல் அவர் முகத்தில் விழுந்து விழுந்து விலக வேண்டும். அது எந்த நேரத்தில் எங்கே விழும், எந்த லென்ஸ், எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

அவள் போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது என் யோசனை. மற்றபடி கதை கார்முகிலுடையது என்று டைட்டிலில் வரும். வரட்டும்.

மண்டபத்துக்கு எதிரிலேயே ஒரு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, நாற்காலி, ஷாமியானா எல்லாம் விடுவார்கள். அதுதான் கடை. கேட்டில் நின்று போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினேன். பெயர்ப்பலகையை ஃப்ரேமுக்கு வெளியே விட்டேன். எழுத்து இருந்தால் கண் அங்கேதான் போகும். "செம ஆவு!" என்று கார்முகில் பதில் போட்டான். அவனுக்கு நான் ஆவு.

அம்மா போன் செய்தாள். "என்னடி அது இரைச்சல்?" என்றாள். கொடைக்கானலில் காற்று அதிகம் என்று சொன்னேன். அம்மாவுக்கு நான் கொடைக்கானலில் இருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

நிழல் விழும் நேரம் கிடைத்துவிட்டது. மேற்கே நிற்கிற காற்றாலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது, சாயங்காலம், இறக்கையின் நிழல் ரோட்டைத் தாண்டி வந்து கடை வாசலில் விழுகிறது. கொஞ்ச நேரம்தான். அப்புறம் சுவரில் ஏறிப் போய்விடுகிறது.

ஆனால் வாசலில் ஆள் இல்லாமல் நிழலை வைத்து என்ன செய்வது? முகத்தில் எப்படி விழுகிறது என்று பார்க்க ஒரு முகம் வேண்டும். மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் வைத்து, அதன் முதுகில் என் சட்டையை மாட்டி, மேலே ஒரு சொம்பைக் கவிழ்த்து ஆள் மாதிரி செய்தேன். காற்று நாற்காலியையும் சட்டையையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போனது. சொம்பு தனியாக ஓடியது.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக் கொண்டுவந்தார். கைலி, நீலச் சட்டை, நரைத்த தாடி.

"என்னம்மா, சொம்புக்குக் கல்யாணமா? ஆடி மாசம்லா இது."

"இல்லை அண்ணாச்சி. படத்துக்கு டெஸ்ட் எடுக்கிறேன். ஆள் நிக்கிற இடத்துல எதையாவது வைக்கணும்."

"எதையாவது வைக்கணும்னா நானே நிக்கேன். ஆவணி பொறக்குற வரைக்கும் எனக்கும் இங்க என்ன சோலி? அண்டாவத் தொடச்சுத் தொடச்சு என் மூஞ்சியே அதுல தெரியுது."

பெயர் கேட்டார். பிரவீணா என்றேன். அது எங்கள் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட்டின் பெயர். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

கடைக்கு முன்னால் நான் வைத்த கல்லில் வந்து நின்றார். கல் என்றால், நடிப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்று சாக்பீஸால் குறி போடுவோம். இங்கே சாக்பீஸ் தூள் எல்லாம் பறந்துவிடுகிறது, அதனால் இரண்டு கல். ஒன்று அவருக்கு, ஒன்று எதிரில் அந்தப் பெண்ணுக்கு. பெண்ணின் கல்லில் யாரும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்தேன். கடைக்காரர், கடைக்காரர் என்று எழுதியிருக்கிறேன். யாருக்காக இந்த நடிப்பு? இதை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்?

அவர் பெயர் பலவேசம். ப. ஆவுடையம்மாள் என்கிற என் பெயரில் இருக்கிற 'ப' அவர்தான்.

எனக்கு நான்கு வயது இருக்கும்போது, தன் அம்மா செத்துப்போனதற்குக் காரியம் செய்ய ஊருக்குப் போகிறேன் என்று பெருங்களத்தூரிலிருந்து கிளம்பியவர். காரியம் முடிந்தது, ஆள் வரவில்லை. அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார் என்று பிறகு தெரிந்தது. அம்மா ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டு என்னைப் படிக்க வைத்தாள். அவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாள். திட்டவும் மாட்டாள். திட்டியிருந்தாலாவது எனக்கு அவரைக் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஊர்ப் பெயரையும் கடையையும் போன வருஷம் சித்திதான் வாய்தவறிச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதை என்று கார்முகிலிடம் சொன்னேன். அவன் அன்றே ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்துவிட்டான். லொக்கேஷன் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நிழல், காற்று, வெளிச்சம் என்று அவனுக்கு நான் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக வரவில்லை. அவரைப் பார்க்க வேண்டும். அவருக்கு என்னைத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நானாகச் சொல்லக் கூடாது.

கடையின் பெயர்ப்பலகையில் 'ஆவுடையம்மாள் வாடகைப் பாத்திரக் கடை' என்று எழுதியிருக்கிறது. அவருடைய அம்மா பெயர். முதல் பெண் குழந்தைக்கு அப்பாவின் அம்மா பெயரை வைக்கிற வழக்கப்படி அது எனக்கும் வந்தது. பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அண்டாவிலும் சிவப்புப் பெயின்ட்டில் பெரிதாக 'ஆ'.

ஜூலை 22, செவ்வாய்

இன்று நல்ல வேலை. டிரைபாட் காலில் மண்டபத்து ஆட்டுக்கல் குழவியைக் கட்டித் தொங்கவிட்டேன், இனி அசையாது. 50 லென்ஸ் போதும் என்று முடிவாகிவிட்டது. வெள்ளைச் சட்டை மட்டும் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவைத்தேன். பெண்ணின் கல்லில் நானே நிற்கிறேன். கேமராவை ஓடவிட்டு, ஓடிப்போய் நின்று, முடிந்ததும் ஓடிவந்து நிறுத்த வேண்டும்.

நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க, நடிப்பவரின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையைப் பிடித்து எடுப்போம். அவர் அதைக் கோணலாகப் பிடித்தார். நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து நேராக வைத்தேன். தாடியில் பீடி வாசனை. வலது புருவம் நடுவில் கொஞ்சம் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கிறது. எனக்கும் அப்படித்தான். அவர் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சும்மா நிக்கணுமா, எதும் பேசணுமா?"

டயலாக்கைச் சொன்னேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "யாரும்மா நீ? யாரைப் பார்க்கணும்?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சாதாரணமாகச் சொல்லுங்கள் அண்ணாச்சி என்றேன். நிழல் சுவரில் ஏறுகிற வரை எடுத்தோம். சொல்லச் சொல்ல அவருக்கு அது நன்றாக வந்தது. கடைசி இரண்டு முறை உண்மையாகவே கேட்பது மாதிரி கேட்டார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிந்ததும், "சரியா சொன்னேனாம்மா?" என்றார்.

"ரொம்பச் சரியா சொன்னீங்க."

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரியாதவரிடம் போய்த் தெரிகிறதா என்று பார்ப்பது என் யோசனைதானே. பார்த்தாயிற்று. தெரியவில்லை.

அம்மா போன். காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது. "ரொம்பக் காத்தா?" என்றாள் அம்மா. பிறகு, "துணியைக் கொடியில போட்டா கிளிப் மட்டும் போதாது. ஒரு முடிச்சும் போடு" என்றாள். சரி என்றேன்.

ஜூலை 23, புதன்

எழுதவா வேண்டாமா என்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வழக்கம்போல அவர் கல்லில் அவர், என் கல்லில் நான். டயலாக் சொன்னார். நான் "குடிக்கத் தண்ணி வேணும்" என்றேன். நேற்று அதோடு நிறுத்திவிட்டோம், அதனால் கேமராவை நிறுத்தக் கிளம்பினேன். இன்று அவருக்கு என்ன உற்சாகமோ, நடிப்பைத் தொடர்ந்தார். கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டுப் பக்கம் பார்க்காமலேயே குரல் கொடுத்தார்.

"ஏ ஆவுடை! தண்ணி கொண்டா!"

"ம்?" என்று திரும்பினேன்.

நான் எதையும் யோசிக்கவில்லை. பெயரைச் சொன்னார்கள், திரும்பினேன். யாராக இருந்தாலும் திரும்புவார்கள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண் சொம்போடு வந்தாள். பத்து, பதினோரு வயது. பள்ளிக்கூடச் சீருடை, ஒரு பக்கப் பின்னல் அவிழ்ந்திருந்தது. "டியூஷன் லீவுப்பா இன்னைக்கு. நானும் படத்துல வருவேனா?" என்றாள். சொம்பை என்னிடம் கொடுத்தாள். சொம்பிலும் 'ஆ'. குடித்தேன். "ஒங்க பேரு என்னக்கா?" என்று கேட்டாள். பிரவீணா என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

இவளுக்கும் அந்தப் பெயர். நான் இருக்கும்போதே, நான் உயிரோடு இருக்கும்போதே, மூத்த பெண்ணுக்கு வைக்கிற பெயரை எடுத்து இவளுக்கு வைத்திருக்கிறார். செத்துப்போன பிள்ளையின் பெயரைத்தான் அடுத்த பிள்ளைக்கு வைப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அறைக்கு வந்து லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் சின்னப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கூப்பிடுகிறார். நான் திரும்புகிறேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நிற்கிறது. நிழல் விழுகிறது, விலகுகிறது, மறுபடி விழுகிறது. அவர் சின்னப் பெண்ணைப் பார்க்கவில்லை, சொம்பைப் பார்க்கவில்லை. என் புருவத்தைப் பார்க்கிறார். பிறகு அவர் கை தன் புருவத்துக்குப் போகிறது.

அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஃபோகஸ் நன்றாக இருக்கிறது. எக்ஸ்போஷர் சரி.

ஜூலை 24, வியாழன்

கடை திறக்கவில்லை. வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த அவருடைய இப்போதைய மனைவி, "அவுக தென்காசி போயிருக்காக, எப்ப வருவாகன்னு தெரியலை" என்று சொல்லிவிட்டு என் முகத்தைக்கூடப் பார்க்காமல் உள்ளே போனார்.

பகல் முழுக்கச் சாப்பாட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஐந்நூறு பேர் சாப்பிடுகிற இடத்தில் பார்சல் எலுமிச்சை சாதத்தைப் பிரித்தால் பேப்பர் சத்தம் ஹால் முழுக்கக் கேட்கிறது. இன்னொரு தடவை ஓடிவிட்டார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஜூலை 25, வெள்ளி

வந்தார்.

நான் கூப்பிடவில்லை. சாயங்காலம் நான் டிரைபாடை நிறுத்தும்போது அவரே வந்து கல்லில் நின்றார். தாடி இல்லை. தலைக்கு டை, காதோரம் கொஞ்சம் கறுப்பு ஒட்டியிருந்தது. இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை.

நான் முதலில் சொன்னது இது: "வெள்ளைச் சட்டை போடக் கூடாதுன்னு சொன்னேன்ல? தாடியையும் எடுத்துட்டீங்க. இனி பழைய ஷாட்டோட இதை எப்படிச் சேக்கிறது?"

"மறந்துட்டேன்" என்றார். மறந்த மாதிரித் தெரியவில்லை.

இந்த வெயிலில் வெள்ளைச் சட்டைக்கு வெளிச்சத்தைக் குறைத்தால் முகம் இருண்டுவிடும். முகத்துக்குக் கூட்டினால் சட்டை எரிந்து வெறும் வெள்ளையாகப் போகும். நான் முகத்தை எடுத்துக்கொண்டேன். கேமராவை ஓடவிட்டு என் கல்லுக்கு ஓடினேன். நிழல் வர ஆரம்பித்திருந்தது.

அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

"டயலாக் சொல்லுங்க அண்ணாச்சி."

சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"யாரும்மா நீன்னு கேளுங்க. அவ்வளவுதான்."

"அது வரமாட்டேங்கு."

"செவ்வாய்க்கிழமை அத்தனை தடவை சொன்னீங்களே."

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுல்லா."

காற்று என் முடியை எல்லாம் முகத்தில் அடித்தது. ஒதுக்கினால் அழுவது தெரியும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

"கேமரா ஓடுது" என்றேன்.

"ஓடட்டும். ஒங்கம்மை சொகமா இருக்காளா?"

"இருக்காங்க."

"நீ நல்லாப் படிக்கியா?"

இத்தனை நாளும் "நிக்கியளா, வாரியளா" என்று பேசியவர் இன்று நீ என்றார். அதுகூட எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் கேவலம். கேட்பதற்கு எத்தனையோ வைத்திருந்தேன். ஏன் வரவில்லை, ஒரு தடவையாவது நினைத்தீர்களா, அம்மா காய்ச்சலில் கிடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று வருஷக்கணக்கில் ஒத்திகை பார்த்த கேள்விகள். வாயில் வந்தது வேறு.

"ஏன் அதே பேரு வச்சீங்க?"

"எங்கம்மை பேரு. மூத்த பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"மூத்த பிள்ளை நான்."

"ஆமா." தலையைக் குனிந்துகொண்டார். "அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாம வீட்டுல இருக்க முடியலை. கூப்பிட ஒரு ஆளு வேணும் போல இருந்துச்சு."

நான் இருந்தேனே. பெருங்களத்தூரில் அதே வீட்டில், அதே பெயரோடு இருந்தேனே. கூப்பிட்டிருக்கலாமே. இதை அங்கே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அங்கே சொன்னது, "குடிக்கத் தண்ணி வேணும்."

உள்ளே யாரையும் கூப்பிடாமல் அவரே போய்க் கொண்டுவந்தார். சொம்பைக் கொடுக்கும்போது தண்ணீர் தளும்பி அவர் சட்டையில் கொட்டியது. குடித்தேன். ஸ்கிரிப்டில் அவள் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள். நானும் போய்விட்டேன்.

ஜூலை 26, சனி

எல்லோரும் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். மண்டபத்தில் ஒரே கூச்சல். கார்முகில் இறங்கியதும் எதிர்க்கடைப் பலகையைப் பார்த்துவிட்டான்.

"ஏய் ஆவு! உன் பேர்ல கடை! சொல்லவே இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கு முன்னால் என்னை நிறுத்தி செல்ஃபி எடுத்தார்கள். அவர் உள்ளே அண்டாக்களுக்கு நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பெயர் பிரவீணா இல்லையா என்று சின்னவள் கேட்டாள். நிஜப் பிரவீணா, "அது நானு" என்றாள். சின்னவளுக்குத் தலை சுற்றியிருக்கும்.

டெஸ்ட் ஷாட்டுகளைக் கார்முகில் வரிசையாகப் பார்த்தான். நிழல் பிரமாதம் என்றான். கடைசியில் வெள்ளைச் சட்டை வந்தது.

"இந்த ஆளு ஏன் பேச மாட்டேங்கிறாரு?"

"டயலாக் மறந்துட்டாரு."

"சட்டை வேற எரிஞ்சிருக்கு. டெஸ்ட் எல்லாத்தையும் அழிச்சிட்டு கார்டை காலி பண்ணிடு ஆவு, நாளைக்கு வேணும்."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன்.

ஜூலை 27, ஞாயிறு

காட்சி முடிந்தது. அப்பாவாக நடிக்க வந்தவர் நாகர்கோவில் நாடகக்காரர், நல்ல குரல். நிழல் சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன இடத்தில் விழுந்தது. "யாரும்மா நீ? யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். முதல் டேக்கிலேயே ஓகே. கார்முகில் ஓடிவந்து என் கையைக் குலுக்கினான். ஃபோகஸ் ஒரு இடத்தில்கூட நழுவவில்லை. இதற்காக நான் சந்தோஷப்பட வேண்டும்.

வாடகைக்குக் கேட்ட நாற்காலிகளையும் பெரிய குடையையும் அவர்தான் கொண்டுவந்து போட்டார். ஷாட் எடுக்கும்போது கூட்டத்தில் எனக்குப் பின்னால் நின்றார். "கட்" என்றதும் திரும்பினேன், அவர் குடையை மடக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இரண்டு நாளாக அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அம்மா போன் செய்தாள். நாளைக்குக் கிளம்புகிறேன் என்றேன்.

"காத்து இன்னும் அடங்கலையா அங்க?"

"இல்லம்மா."

"அடங்காது. ஆடி முடியற வரைக்கும் அந்த ஊர்ல அப்படித்தான். உன்னை வயித்துல வச்சிக்கிட்டு அங்கதான்டி இருந்தேன். கொடியில போட்ட புடவையத் தேடிக்கிட்டு ஓடைக்கரை வரைக்கும் போவேன்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"முதல் நாளே தெரியுமாம்மா?"

"அந்த இரைச்சலை மறக்க முடியுமா?" என்றாள். பிறகு, "உங்கப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள்.

"இருக்காரு."

"உன்னைத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. பேசினாரு. ஆனா ஒரு தடவைகூடப் பேரைச் சொல்லிக் கூப்பிடலைம்மா. அந்தப் பேரு வேற ஆளுக்குப் போயிடுச்சு."

சின்னவளைப் பற்றிச் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சரி, சாப்பிட்டுட்டுத் தூங்கு" என்றாள்.

ஜூலை 28, திங்கள். ரயிலில்

காலையில் சாமான்களை ஏற்றினோம். மணமகள் அறைக் கண்ணாடியில் என் பொட்டையும் ஒட்டிவிட்டு வந்தேன். அத்தனை பேர் ஒட்டியிருக்கிறார்கள், நானும் ஒரு வாரம் இருந்திருக்கிறேன்.

கடை திறந்திருந்தது. அவர் வாசலில் அண்டாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கார்முகில் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தான். நான் போகவில்லை. போனால் என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. வேனில் பின் சீட்டில் கேமராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேன் கிளம்பியது.

"ஆவுடை!"

நான் திரும்பவில்லை. புதன்கிழமை திரும்பிப் பட்டது போதும். அந்த வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தப் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள். தண்ணிக்கு, துணிக்கு, படிப்புக்கு.

"ஏ ஆவுடை!" இன்னும் சத்தமாக.

பிரவீணா என் தோளைத் தட்டினாள். "கடைக்காரரு உன்னைக் கூப்பிடறாரு பாரு."

"என்னை இல்லை. அவர் பொண்ணைக் கூப்பிடறாரு" என்றேன்.

ஊர் முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். காற்றில் பறக்கிற பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை எங்கள் வேனைப் பார்த்து ஆட்டிக்கொண்டு, முன் வரிசையில் சின்னவள் நின்றாள். இன்று பின்னல் இரண்டும் ஒழுங்காக இருந்தது.

சட்டென்று திரும்பிப் பார்த்தேன். பின் கண்ணாடியில் புழுதியும், அதற்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாலையும்தான் தெரிந்தன. வேனை நிறுத்தச் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, எதை விட்டுவிட்டாய் என்று கார்முகில் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.

ரயிலில் உட்கார்ந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"கூப்பிட்டாரும்மா. பேரைச் சொல்லி, ரெண்டு தடவை."

"திரும்பிப் பாத்தியா?"

இல்லை என்றேன். அம்மா போனை வைக்கவில்லை.